தாக்குதல் ஆட்டக்காரருக்கு ஏற்ற லக்ரோஸ் மட்டைத்தலை: புதியவர்கள் தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத் திடலில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு லக்ரோஸ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து, ஏந்தி ஓடி, கோலுக்குள் எறியும் ஆட்டம் அது. கால்பந்தும் ஹாக்கியும் ஊறிய ஊர் என்பதால் ஓட்டத்திலும் பந்தைக் கணிப்பதிலும் அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சில மாதம் ஆடிய பிறகு, கோல் அருகே நிற்கும் பிள்ளைகளில் பலர் "அண்ணே, எறியும்போது பந்து லேட்டா வெளியாகுது" என்று வந்து நிற்பார்கள். பெரும்பாலும் குறை அவர்கள் கையில் இருப்பதில்லை. தடுப்பாட்டக்காரருக்கென்று செய்த தலையையோ, ஆட்டத் தொடக்கத்தில் பந்துக்குப் போராடுபவருக்கென்று செய்த தலையையோ தங்கள் தண்டில் மாட்டியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளையும், அவர்களுக்காகச் சேமித்த பணத்தில் வாங்கித் தரும் பெற்றோரையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் தலையின் உறுப்புகள்

லக்ரோஸ் மட்டை தண்டு, தலை, வலை என்ற மூன்றும் சேர்ந்தது. மூன்றையும் தனித்தனியாக வாங்கலாம், தனித்தனியாக மாற்றவும் செய்யலாம். தண்டில் செருகித் திருகாணி போடும் இடம் கழுத்து. கழுத்திலிருந்து இரு புறமும் எழும் பிளாஸ்டிக் சட்டங்கள் பக்கச்சுவர்கள். அவற்றின் மேல் விளிம்புகளுக்கு இடையில் உள்ள திறப்பை முகம் என்றும், கீழ் விளிம்பை அடிவரை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். தரையில் கிடக்கும் பந்தை அள்ளும் உச்சிப் பகுதி அள்ளுவிளிம்பு. வலை தொய்ந்து பந்து தங்கும் குழிக்குப் பை என்று பெயர்.

எந்த ஆட்டத்துக்கு வாங்குகிறீர்கள்?

ஆண்கள் ஆட்டத்துக்கான தலையும் பெண்கள் ஆட்டத்துக்கான தலையும் வேறு வேறு. பெண்கள் ஆட்டத்தில் பையின் ஆழம் குறைவு, தண்டும் பெரும்பாலும் மெல்லியது. ஆகவே அண்ணனின் தலையைத் தங்கைக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இங்கே நான் விளக்குவது ஆண்கள் ஆட்டத்துக்கானது.

அடுத்து, பத்துப் பேர் ஆடும் திடல் ஆட்டமா, ஆறு பேர் ஆடும் 'சிக்ஸஸ்' ஆட்டமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஆட்டத்தில் மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்கள் எதிரணிப் பாதியிலேயே பெரும்பாலும் நிற்பதால், எறிவதற்கென்றே அமைந்த குறுகலான தலை அவர்களுக்குப் பொருந்தும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறப் போகும் சிக்ஸஸ் ஆட்டத்திலோ 30 விநாடிக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். பந்து கைமாறிய மறுகணம் தாக்கியவரே திரும்பி ஓடித் தடுக்கவும் வேண்டும். எதிரியின் எறிதலை இடைமறிக்கவும் தரைப்பந்தை அள்ளவும் சற்று அகலம் உதவும் என்பதால், நம் ஊரில் ஆள் குறைவாகக் கூடும் மாலைகளில் சிறு அணிகளாகப் பிரிந்து ஆடுபவர்களுக்கு நடுத்தர அகலமே நல்லது.

பை எங்கே அமையும் என்று பாருங்கள்

என் அனுபவத்தில், தாக்குதல் ஆட்டக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். விலை, நிறம், எடை, பிராண்ட் எல்லாம் இதற்குப் பின்னரே. தலையைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அடிவரை எந்த இடத்தில் மிகவும் தாழ்ந்து வளைகிறது என்று பாருங்கள். வலையை எப்படிக் கட்டினாலும் பந்து போய் உட்கார விரும்புவது அந்த வளைவுக்கு மேல்தான்.

வளைவு அள்ளுவிளிம்பை ஒட்டி அமைந்தால் அது உயர்பை. பந்து வெளியேற வேண்டிய தூரம் குறைவாக இருப்பதால், கோலுக்கு அருகில் நின்று பந்தைப் பிடித்த வேகத்தில் எறிபவருக்கு இது கைகொடுக்கும். ஆனால் தடுப்பவரை ஏமாற்றி ஓடும்போது பந்து நுனியில் கனப்பதால், மட்டையை ஆட்டிப் பந்தைப் பைக்குள் நிலைநிறுத்தும் பழக்கம் வராத புதியவர் அதைத் தவறவிடுவார். வளைவு கழுத்தை ஒட்டி இருந்தால் அது தாழ்பை. பந்து கைக்கு அருகில் தங்குவதால் ஓடுவது எளிது, மட்டையில் அடி விழுந்தாலும் பந்து அவ்வளவாக நழுவாது. எறியும்போதோ அது வலையின் நீளம் முழுவதும் உருண்டு வெளியேற வேண்டியிருப்பதால், சற்றுத் தாமதமாகவே புறப்படும்.

இரண்டுக்கும் இடைப்பட்டது நடுப்பை. ஓராண்டுகூட ஆடாத பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். கோல் கூண்டின் பின்னால் நின்று பந்து கொடுப்பதா, பக்கவாட்டிலிருந்து வெட்டி ஓடுவதா, கோலைச் சுற்றியுள்ள வட்டத்தின் அருகில் காத்திருப்பதா என்று அந்தப் பிள்ளைக்கே இன்னும் தெரியாத நிலையில், மூன்றையும் செய்து பார்க்க இடம் கொடுப்பது நடுப்பைத் தலைதான். பிறகு தன் ஆட்டம் இன்னது என்று தெரிந்ததும் மேலேயோ கீழேயோ நகர்ந்துகொள்ளலாம்.

முகத்தின் அகலம்

ஆண்கள் ஆட்ட விதிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவின்படி, தலையின் மிக அகன்ற இடம் 6.5 முதல் 10 அங்குலம் வரை இருக்கலாம். தாக்குதலுக்கான தலைகள் இதன் கீழ் எல்லையை ஒட்டியே செய்யப்படுகின்றன. பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 20 செ.மீ., அதாவது குறுக்களவு 6.3 செ.மீ. அளவு. கழுத்துக்கு மேலே முகம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்குப் பந்து பக்கவாட்டில் அலையாமல், ஒரே தடத்தில் உருண்டு வெளியேறும்; எறிதல் துல்லியமாவதற்கு அதுவே காரணம். எனினும் மிகவும் குறுகிய முகத்தில் பந்தைப் பிடிப்பது கடினம். பத்தில் மூன்று பந்தைத் தவறவிடும் பிள்ளைக்குத் துல்லியமான எறிதல் எந்தப் பயனும் தராது.

தலையை வெந்நீரில் இட்டு நெருக்கிக் குறுகலாக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். விதிக்கு உட்படாத அளவுக்குக் குறுகினால் நடுவர் மட்டையைத் திடலிலிருந்து அகற்றிவிடலாம். குறுகாவிட்டாலும் பிளாஸ்டிக்கின் வலிமை குறைந்துவிடும்.

விறைப்பும் நம் ஊர் வெயிலும்

இந்த இடத்தில் அமெரிக்க ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே கல்லூரிப் பருவம் பிப்ரவரிக் குளிரில் தொடங்குகிறது. பெரும்பாலான தலைகள் நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. அது குளிரில் விறைக்கும், வெப்பத்தில் இளகும். அதோடு காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சி, உறிஞ்சிய அளவுக்கு வளையும் தன்மையையும் கூட்டிக்கொள்ளும். மதியம் வெயிலும் மாலை இடிமழையுமாக ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத பேராக்கில், வாங்கிய நாளில் சரியான விறைப்போடு இருந்த தலை சில மாதங்களில் தளர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொதுவாகத் தடுப்பாட்டக்காரருக்கு மிக விறைப்பான தலையும், ஆட்டத் தொடக்கத்தில் பந்துக்குப் போராடுபவருக்கு நன்றாக வளையும் தலையும், தாக்குபவருக்கு இரண்டுக்கும் இடைப்பட்டதும் சொல்லப்படுகின்றன. நம் ஊரில் தாக்குபவர் அந்த இடைநிலையிலிருந்து ஒரு படி விறைப்பின் பக்கம் சாய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. எறியும் கணத்தில் தலை முறுகினால் பந்து குறி தவறும். நீங்களோ கையைத்தான் திருத்திக்கொண்டிருப்பீர்கள். கடையில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், இரு பக்கச்சுவர்களையும் விரல்களால் நெருக்கியும், அள்ளுவிளிம்பைத் தரையில் ஊன்றி மெதுவாக அழுத்தியும் பாருங்கள். கையை எடுத்ததும் தலை உடனே பழைய வடிவுக்கு வர வேண்டும்.

என்னிடம் பயிலும் ஒரு பிள்ளை, மூடிய காருக்குள் பின்கண்ணாடிக்கு அடியில், கனமான பையின் கீழ் புதுத் தலையை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனான். மாலையில் எடுத்தபோது ஒரு பக்கச்சுவர் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. அது பிறகு நேராகவே இல்லை. அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது அது. வீட்டில் நிழலான சுவரில் ஆணி அடித்து மட்டையை மாட்டி வையுங்கள்.

மற்றவை

தண்டின் கோட்டுக்குக் கீழே தலை சற்றுத் தாழ்ந்திருந்தால் பந்தின் பிடிப்பை உணர்வது எளிது. இன்று விற்கும் தாக்குதல் தலைகளில் பெரும்பாலும் இது இருக்கும், தனியாகத் தேட வேண்டாம். அள்ளுவிளிம்பு கூர்மையாக இருந்தால் பந்து நடுவில் சேரும்; தட்டையாக இருந்தால் தரைப்பந்தை அள்ளுவது எளிது. நம் திடல்கள் கரடுமுரடானவை, புல் உயர்ந்தவை. ஆகவே மிகக் கூர்மையானது வேண்டாம். எடையில் பத்து இருபது கிராம் வேறுபாட்டுக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்கத் தேவையில்லை.

பெயரைப் படிக்கும் முறை

சிறு பட்டணத்துக் கடைகளில் பூப்பந்து மட்டை கிடைக்கும், ஹாக்கி மட்டை கிடைக்கும். லக்ரோஸ் தலையை இணையத்தில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் ஒரே பெயரில் இரண்டு தலைகளை விற்கின்றன: வாரியரின் 'ஈவோ கியூஎக்ஸ்-ஓ', ஈஸ்ட் கோஸ்ட் டைஸின் 'ரெபல்-ஓ' ஆகியவற்றின் இறுதியில் உள்ள 'ஓ' தாக்குதலுக்கு, அதே வரிசையில் 'டி' என்று முடிவது தடுப்புக்கு. ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு நம்மைச் சேரும். வலை கட்டியதா, கட்டாததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலை கட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் கட்டியதையே வாங்குங்கள். நல்ல தலையும் மோசமாகக் கட்டிய வலையால் வீணாகும். மழையில் நனையும் நம் ஆட்டத்துக்கு, ஈரத்தில் அதிகம் தொய்யாத, மெழுகேற்றிய வலை சிறந்தது.

வந்து சேர்ந்த பிறகு

தலையைத் தண்டில் செருகி, இடைவெளி இருந்தால் தண்டின் நுனியில் ஒரு சுற்று டேப் ஒட்டி இறுக்கி, திருகாணியைப் போடுங்கள். தாக்குபவரின் மட்டை தலையோடு சேர்த்து 40 முதல் 42 அங்குலம் இருக்க வேண்டும் என்பதால், இப்போதே அளந்து, தேவையானால் தண்டை வெட்டுங்கள்.

பந்தைப் பைக்குள் வைத்து மட்டையைக் கிடையாகக் கண் மட்டத்தில் பிடியுங்கள். பந்தின் உச்சிக்கும் பக்கச்சுவரின் அடிவரைக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் பை விதியை மீறி ஆழமாகிவிட்டது என்று பொருள், வலையின் அடியில், கழுத்தை ஒட்டியுள்ள கீழ்க்கயிற்றை இறுக்குங்கள். மழையில் நனைந்த நாளில் இதை மறுபடியும் பாருங்கள், ஏனென்றால் ஈரத்தில் பை தானாகவே தாழும். மட்டையைக் கவிழ்த்தால் பந்து தடையின்றி விழவும் வேண்டும்.

பிறகு ஒரு சுவரைத் தேடிக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு, முன்பு கித்தா (ரப்பர்) ஷீட் உலர்த்திய பழைய புகைவீட்டின் சுவர் வாய்த்திருக்கிறது. நாளுக்கு நூறு எறிதல், இரு கையாலும், இரண்டு வாரம். பந்து எப்போதும் குறிக்குக் கீழேயே போய் விழுந்தால் மேலே குறுக்காகக் கட்டிய எறிகயிறுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். குறிக்கு மேலே பறந்தால் இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு கயிற்றை மட்டும் மாற்றி, இருபது முறை எறிந்து பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.