குடவோலை முறையில் இன்று ஒரு குழு அமைப்பது எப்படி?

குடியிருப்போர் சங்கம், அறக்கட்டளை, ஏரிப் பாசனக் குழு என எதுவாக இருந்தாலும், யார் வரலாம் என்று பேசுமுன் யார் வரக் கூடாது என்பதை எழுதி முடித்துவிடுங்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் கி.பி. 919-ல், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் குடவோலை முறையை வகுத்தார்கள். 921-லேயே அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் உள்ள அந்த இரண்டாம் கல்வெட்டில் விலக்குப் பட்டியல்தான் நீளமானது.

அதில் முக்கியமான விலக்கு, முன்பு வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்ல, அப்பா, மகன், உடன்பிறந்தான், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் வரை யாரும் நிற்க முடியாது. காரணம் எளிது. மாட்டிக்கொண்டவர் ஒதுங்கி மைத்துனனை அனுப்பிவிட்டால், பழைய கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் விதியில் 'நெருங்கிய உறவினர்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். கல்வெட்டைப் போல உறவுமுறையைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். மனைவி, கணவர், மகள், சகோதரிகளையும் சேருங்கள்.

தகுதி விஷயத்தில் அப்படியே நகலெடுக்க முடியாது. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். பெண்களுக்கு இடமே இல்லை. நிலத்துக்குப் பதில் 'சந்தா நிலுவை இல்லாதவர்' என்று வைத்தால் போதும்.

தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டியது 3 ஆண்டு இடைவெளி. வாரியத்தில் இருந்தவர் அடுத்த 3 ஆண்டுக்கு வரக் கூடாது. இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு பகுதிக்கு ஓர் இடம் என்றால், ஒருவர் பதவியில், மூவர் ஓய்வில் என்று குறைந்தது 4 தகுதியுள்ளவர்கள் அந்தப் பகுதியில் வேண்டும். பகுதிகளைச் சிறிதாக வெட்டிவிட்டு நான்காம் ஆண்டில் ஆள் இல்லாமல் விதியைத் தளர்த்துவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. 4 பேர் தேறாத பகுதியைப் பக்கத்துப் பகுதியோடு இணைத்துவிடுங்கள்.

குலுக்கல் இரண்டு கட்டம். உத்திரமேரூரில் 30 குடும்புகள், அதாவது ஊரின் பகுதிகள். ஒவ்வொரு குடும்புக்கும் பெயரோலைகளைத் தனிக்கட்டாகக் கட்டி, குடும்பின் பெயரெழுதிய வாயோலையைச் சேர்த்துக் குடத்தில் போட்டார்கள். மூத்த நம்பி (கோயில் பூசாரி) ஒருவர் எழுந்து நின்று எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்குவார். விவரம் அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் கொட்டிக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிப்பார்கள். விரலை மடக்காவிட்டால் ஓலையை மாற்ற வழியில்லை!

இன்றைக்குச் செய்யும்போது காகிதம் ஒரே அளவு, ஒரே பேனா, ஒரே மாதிரி இரண்டு மடிப்பு. தடித்த மடிப்பைக் கை தடவியே கண்டுபிடித்துவிடும். கட்டுமுன் சீட்டுகளைப் பட்டியலோடு எண்ணிச் சரிபாருங்கள். எடுத்தபின் மீதிச் சீட்டுகளையும் பிரித்துக் காட்டுங்கள். ஒரே பெயர் பல சீட்டில் இருந்தால் அங்கேதான் வெளிப்படும். உள்ளே தெரியும் கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். மேலே கிடக்கும் சீட்டே கையில் வரும் என்பதால் குலுக்காமல் எடுக்கவிடாதீர்கள். வாசிப்பவர் வேறு பகுதிக்காரராக இருக்கட்டும். பதிவு பெற்ற சங்கமானால் நிர்வாகிகள் தேர்தலுக்குத் துணைவிதி என்ன சொல்கிறதோ அதுதான் செல்லும். குலுக்கலை உட்குழுக்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உத்திரமேரூரில் இப்படிக் குடும்புக்கு ஒருவராகக் குலுக்கலில் வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். சம்வத்சர வாரியத்துக்கு, முன்பே தோட்டத்திலும் ஏரியிலும் வேலை பார்த்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுத்தார்கள். புதியவரை முதல் ஆண்டே பொருளாளராக்குவதைவிட இது நல்ல ஏற்பாடு. குற்றம் தெரியவந்தால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் உடனே நீக்கம்.

கணக்கு எழுதுபவருக்கு விதி தனி. தன் காலக் கணக்கைப் பெருங்குறியிடம் (ஊர்ப் பெருஞ்சபை) ஒப்படைத்து நேர்மையானவர் என்று பேர் வாங்கும்வரை அவருக்கு மறுபடி வேலை கிடையாது. அவர் எழுதிய கணக்கை அவரேதான் ஒப்படைக்க வேண்டும். முடித்துக் கொடுக்க வேறு கணக்கர் உள்ளே வரக் கூடாது. இன்று பொறுப்பு மாறும் மாதத்தில் 'புதியவர் பார்த்துக்கொள்வார்' என்று பாதிக் கணக்கைத் தள்ளிவிடுவது சாதாரணம், பிறகு ரசீது காணாமல் போனால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். ஆகவே பதவி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே ஒப்படைப்பு நாளை அறிவித்து, கையிருப்பு, வங்கி இருப்பு, கொடுக்க வேண்டியது, வர வேண்டியது நான்கையும் பழைய கணக்கர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, பொதுக்கூட்டம் ஏற்றதாகத் தீர்மானம் பதிவான பிறகே புதியவரிடம் பேரேட்டைக் கொடுங்கள்.