எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எதையெல்லாம் செருகலாம்?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது எத்தனை பிளக் செருகலாம் என்று பார்க்கிறோம், எத்தனை ஆம்பியர் என்று பார்ப்பதில்லை. 6 ஆம்பியர் பாக்ஸ் 230 வோல்ட்டில் மொத்தமாகச் சுமார் 1,380 வாட்தான் தாங்கும். செல்போன் சார்ஜர், டிவி, மேசை விசிறி எல்லாம் சரி. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்குச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக்தான். அடாப்டர் மாட்டிச் சமாளிக்காதீர்கள். ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடு வெளியேறாமல் உறை உருகக்கூடும். முழுவதும் விரித்துவிடுங்கள், ஆனால் பாய்க்கு அடியில் வேண்டாம்.

அப்புறம், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டே! மழைச்சாரல் விழும் திண்ணையில் பாக்ஸை வைக்காதீர்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. பிளக்கின் உலோகப் பின்களில் பச்சை படிந்தால் இணைப்பு சரியாகப் பிடிக்காமல் சூடேறும். உள்ளே கறுத்த பாக்ஸைச் சுரண்டிப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.