பிறர் படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது? மலையகத்தில் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், எல்ல என்ற ஊரின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தபடி ஒரு சரிவு இருக்கிறது. ரயில் வரும் நேரம் நெருங்கினால் அங்கே கமராக்கள் வரிசை கட்டும். நீல ரயில், கல் வளைவுகள், பின்னால் பச்சை: எல்லோருக்கும் கிடைப்பது ஒரே படம்தான். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலம் அழகானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் "அவர் எடுத்த மாதிரியே எனக்கும் வந்திருக்கு" என்று மகிழ்ந்து திரும்புகிறவர், முதலில் எடுத்தவரிடம் கற்றுக்கொண்டது நிற்க வேண்டிய இடத்தை மட்டும்தான்.

பலரும் சறுக்குவது இங்கேதான். படத்தில் இருக்கும் பொருளை எடுத்துக்கொள்கிறோம், அதைப் பார்த்த விதத்தை விட்டுவிடுகிறோம். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் இளைஞராக இருந்தபோது, ஹங்கேரியப் புகைப்படக் கலைஞர் மார்ட்டின் முங்காச்சி எடுத்த ஒரு படத்தைக் கண்டார். ஆபிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் எடுத்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தப் படத்தில், அலைக்குள் மூன்று சிறுவர்கள் ஓடுகிறார்கள். அந்தப் படம் தன்னை உலுக்கியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்காக அவர் ஏரிகளைத் தேடி அலையவில்லை. ஓடும் உடல்கள் ஒரு கணத்தில் ஒழுங்காகச் சேர்வதைக் கமராவால் பிடிக்க முடியும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். 1932இல் பாரிஸில் ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை எடுத்தார். ஏரியும் இல்லை, சிறுவர்களும் இல்லை. கற்ற பாடம் மட்டும் இருக்கிறது.

ஆகவே பிடித்த படம் ஒன்று கிடைத்தால் அதனிடம் கேள்வி கேளுங்கள். எடுத்தவர் எங்கே நின்றார்? எவ்வளவு கிட்ட? எந்த நேரத்து வெளிச்சம்? எதை வெளியே விட்டுவிட்டார்? போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் இதெல்லாம் கண்ணில் படாது. ஒரு படத்தோடு பத்து நிமிடம் இருங்கள்.

அடுத்தது நிறத்தையும் தொனியையும் கடன் வாங்குவது. பிரேசில் புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவ் சல்காடோவின் கறுப்பு-வெள்ளைப் படங்களைப் பார்த்துவிட்டு, நம் தேயிலை மலைப் படத்திலும் கொன்ட்ராஸ்டை, அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஏற்றிவிடுகிறார்கள். பனிமூட்டத்தில் ஆழ்ந்த கறுப்பும் இல்லை, பளிச்சென்ற வெள்ளையும் இல்லை. வலிந்து ஏற்றினால் மூட்டம் அழுக்குத் திட்டுகளாக உடையும். போதாததற்கு, வெண்மையான பனிமூட்டத்தைக் கமரா நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் (அதாவது கமராவுக்குள் போகும் வெளிச்சத்தை இரட்டிப்பாக) கூட்டிவைப்பது நல்லது. சரி, சல்காடோவிடம் எதைக் கற்கலாம்? அவர் பொருளியல் படித்தவர், கோப்பி வணிகம் சார்ந்த சர்வதேச அமைப்பில் வேலை பார்த்தவர். ருவாண்டாவின் தேயிலைத் தோட்டங்களையும் படமெடுத்திருக்கிறார். உழைப்பு என்ன, அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு தொழிலாளர்களை நெருங்கினார். அந்தப் பாடத்தை எந்த பில்டராலும் தர முடியாது.

பனிக்கும் மழைக்கும் வேறு ஆசான் வேண்டுமென்றால் புகைப்படக் கலைஞர் சோல் லைட்டரைப் பார்க்கலாம். நியூயோர்க்கில் ஆவி படிந்த கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தவர் அவர். படச்சட்டத்தின் பெரும்பகுதியை மறைத்துவிட்டு ஒரு மூலையில் மட்டும் ஆளைக் காட்டுவார். அதைப் பார்த்து சிவப்புக் குடை தேடிப் போக வேண்டாம். ஹட்டன் பஸ்ஸின் நனைந்த ஜன்னல் போதும்.

மேலே சொன்னவற்றைவிட எனக்கு அதிகம் வலிப்பது வேறு ஒன்று. படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்று கேட்காமலே அதைப் பின்பற்றுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஸ்டூடியோக்கள் தோட்டப் படங்களைப் பயணிகளுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் விற்றன. அவற்றில் தொழிலாளி பெரும்பாலும் பெயரில்லாமல், தோட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் தெரிகிறார். ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனும் அப்படித்தான். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறந்து, போகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். உருவப்படக் கலையில் மேதை. அவரது மென்மையான குவியத்தை நான் இன்றும் வியக்கிறேன். இங்கிலாந்தில் விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் பெயரோடு எடுத்தார். இங்கே அவர் கமராவுக்கு முன் நின்ற உழைப்பாளிகள் பலரின் பெயர் பதிவாகவில்லை.

இன்றும் கூடை, கொழுந்து, சிரிப்பு என்று வரும் படம் அந்தப் பார்வையின் தொடர்ச்சிதான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த பிள்ளைகூட, கையில் கமரா வந்ததும், சொந்த அம்மாவைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அதிகாலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நிற்கும் முகங்கள், கொழுந்து நிறுக்கும்போது தராசையே பார்க்கும் கண்கள், சாயம் ஏறிய விரல் நுனி, இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து வடியும் மழைநீர், காம்பிரா (லயத்து வீட்டு அறை) வாசலில் காயும் பள்ளிச் சப்பாத்து: இவை பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். கேட்டு எடுங்கள். பெயரையும் எழுதச் சம்மதமா என்று கேளுங்கள். படத்தை அவர்களிடமே காட்டுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ யார் படத்தையும் பார்க்கமாட்டேன், என் பாணி தானாக வரட்டும்" என்று முடிவெடுப்பதும் தவறுதான். தேயிலைப் பெட்டியும் கலண்டரும் சுற்றுலாச் சுவரொட்டியும் ஏற்கனவே நம் கண்ணுக்குள் இருக்கின்றன. வேறு யாரையும் பார்க்காவிட்டால் அவைதான் குருவாக நிற்கும். கொழும்பில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) நல்ல எதிர் உதாரணம். மான் ரே போன்றவர்கள் மேற்கில் செய்துகொண்டிருந்த சோலரைசேஷன் (கழுவும்போது வெளிச்சம் பட வைத்து, ஒளியையும் நிழலையும் ஓரளவு தலைகீழாக்குவது) முதலிய இருட்டறை உத்திகளைத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டு, இந்த நாட்டின் மனிதர்களையும் நிலத்தையும் அவற்றால் வேறுவிதமாகக் காட்டினார்.

கடைசியாக, நன்றி சொல்லும் விஷயம். பழகுவதற்காக ஒரு படத்தை அச்சொட்டாகத் திரும்ப எடுப்பதில் குற்றமில்லை. கை அப்படித்தான் பழகும். அதைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். பொதுவில் வைத்தால், யாருடைய எந்தப் படத்தைப் பார்த்து எடுத்தது என்று கீழே எழுதிவிடுங்கள்.