கேலக்ஸி மையக் கருந்துளையின் ஒளிமாற்றத்தைப் பல அலைநீளங்களில் அளப்பது எப்படி?

கருந்துளை ஒளிராது. ஒளிர்வது அதைச் சுற்றும் வாயு வட்டும், அதற்கும் வெளியே இருக்கும் தூசியும்தான். மையத்தை ஒட்டி எக்ஸ் கதிர், அடுத்து புறஊதா, பிறகு கண்ணுறு ஒளி, கடைசியில் தூசியின் அகச்சிவப்பு. உள்ளே ஏற்படும் மாற்றம் வெளியே எட்ட எத்தனை நாள் ஆகிறது என்று அளந்தால், நேரில் பார்க்க முடியாத வட்டின் அளவு கையில் கிடைக்கும்.

தரவு இலவசமாகவே கிடைக்கிறது. 2018 முதல் இசட்.டி.எஃப். என்ற தரைத் தொலைநோக்கித் திட்டம் கண்ணுறு ஒளியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வானத்தைப் படமெடுக்கிறது. ஸ்விஃப்ட் விண்கலம் எக்ஸ் கதிரையும் புறஊதாவையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. 2024 வரை இயங்கிய நியோவைஸ் என்ற அகச்சிவப்பு விண்கலம் 3.4, 4.6 மைக்ரானில் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்குத் திரும்பும். ஆண்டுக்கணக்கில் நீளும் ஏற்ற இறக்கத்துக்கு அது போதும், வாரக்கணக்கான தாமதத்துக்கு உதவாது.

முதலில் எல்லா நேரத்தையும் எம்.ஜே.டி. என்ற வானியல் நாள் எண்ணுக்கு மாற்றுங்கள்: ஜூலியன் நாளில் 2400000.5-ஐக் கழித்தால் போதும். தரக்குறியீடு மோசமான அளவீடுகளை நீக்குங்கள். மேக்னிட்யூட் (பிரகாசத்தின் மடக்கை அளவு) அளவை ஃபிளக்ஸாக (வந்துசேரும் ஒளியின் நேரடி அளவு) மாற்றுங்கள். ஒவ்வொரு ஃபில்டரின் (குறிப்பிட்ட நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி) தரவையும் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது கேலக்ஸியின் சொந்த ஒளியில். கேலக்ஸி 6 மில்லிஜான்ஸ்கி (ஃபிளக்ஸின் அலகு), மையம் 2 என்று வைத்துக்கொள்வோம். மையம் இரட்டிப்பானால் மொத்தம் 8-லிருந்து 10 ஆகும், அதாவது 0.24 மேக்னிட்யூட்தான். உண்மையான மாற்றமோ 0.75. சிவப்பு ஃபில்டரில் விண்மீன்களின் ஒளி அதிகம் என்பதால் அங்கே மாற்றம் இன்னும் குறைத்துக் காட்டப்படும். இதைக் கழிக்காமல் 'பிரகாசமானால் நீலமாகிறது' என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வொரு படத்திலிருந்தும் ஓர் ஒப்பீட்டுப் படத்தைக் கழிக்கும் படக் கழித்தல் முறை இந்த ஒளியை நீக்கிவிடும். ஆனால் ஒப்பீட்டுப் படத்தில் இருந்த மையத்தின் ஒளியும் சேர்ந்தே போகும். அதனால் வரும் எதிர்மறை ஃபிளக்ஸ் பிழையல்ல, அழிக்காதீர்கள்.

ஸ்விஃப்டின் புறஊதாக் கருவிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உணரியில் ஆங்காங்கே மந்தமான திட்டுகள் இருக்கின்றன. கேலக்ஸியின் பிம்பம் அதில் விழுந்தால் ஃபிளக்ஸ் 10 முதல் 15 சதவீதம் வரை குறையலாம். புறஊதாவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் சரிந்து, அதே நாளின் வி (கண்ணுறு ஒளி) ஃபில்டரில் எதுவும் இல்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உணரியில் பிம்பம் விழுந்த இடத்தைக் குறித்து, சரிந்த புள்ளிகள் ஒரே இடத்தில் கூடுகின்றனவா என்று பாருங்கள். இந்தப் புள்ளிகளை விட்டுவைத்தால் தாமதக் கணக்கு முழுவதும் கெடும்.

தாமதத்துக்கு, இடைவெளிகளை நிரப்பிக் குறுக்குத் தொடர்பு (ஒரு அலைநீளத்தின் ஏற்ற இறக்கத்தை நாள் நாளாக நகர்த்தி, இன்னொன்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது) கணக்கிட்டு, உச்சத்தின் 80 சதவீதத்துக்கு மேலுள்ள பகுதியின் மையத்தை எடுங்கள். பிழையளவுக்கு, புள்ளிகளைத் தற்போக்கில் தேர்ந்து, மதிப்புகளை அவற்றின் பிழைக்குள் அசைத்து, ஆயிரம் முறையாவது திரும்பக் கணக்கிடுங்கள். சராசரி அளவீட்டு இடைவெளியைவிட மிகச் சிறிய தாமதத்தை நம்ப வேண்டாம். முடிவை (1 + செம்பெயர்ச்சி)யால் வகுக்க மறக்காதீர்கள்; செம்பெயர்ச்சி என்பது பிரபஞ்ச விரிவால் கேலக்ஸியின் ஒளி அலை நீண்டிருக்கும் அளவு.

வட்டுக் கோட்பாட்டின்படி தாமதம் அலைநீளத்தின் 4/3 அடுக்காக வளர வேண்டும். புறஊதாவை ஒட்டிய யூ ஃபில்டர் மட்டும் இந்தக் கோட்டுக்கு மேலே நின்றால், தூரத்து வாயுவின் ஒளி அதில் கலந்திருக்கிறது; பொருத்தும்போது அதை விலக்குங்கள். மற்றவையும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்: என்.ஜி.சி. 5548 என்ற கேலக்ஸியை 2014-இல் ஹபிளும் ஸ்விஃப்டும் மாதக்கணக்கில் தொடர்ந்தபோதும் வட்டு ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாகத்தான் வந்தது.