கிறிஸ்துமஸ் விழா வசனத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டாம்

பள்ளிக் கிறிஸ்துமஸ் விழாவில் பிள்ளை ஒப்புவிக்க வேண்டிய வேதபகுதியையே டிசம்பர் முழுக்க வீட்டு ஜெபத்தின் வாசிப்பாக வைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது லூக்கா 2-ஆம் அதிகாரம், 8 முதல் 14 வரை: வயல்வெளி மேய்ப்பர்கள், தேவதூதன், பரமசேனை என்னும் வானதூதர் கூட்டம். ஏழே வசனம்தான். ஆளுக்கு ஒன்றாகச் சுற்றி வாருங்கள். தினமும் அடுத்த ஆள் தொடங்கட்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கே நாளில் எல்லா வசனமும் எல்லார் வாயிலும் வந்துபோய்விடும்.

மற்றவர் சொல்லும்போது காதில் விழுகிறது, தன் முறை வருமுன் பிள்ளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் தனியாக உட்கார வைத்து நெட்டுருப் போடச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் சுலபம், அவர் வேதாகமத்தைத் திறக்காமலே சொல்லுவார்.

ஆனால் பள்ளி கத்தோலிக்கப் பள்ளி, வீட்டில் இருப்பது பழைய வேதாகம மொழிபெயர்ப்பு என்றால் இது குழப்பும், இரண்டிலும் சொற்கள் வேறு. வீட்டில் ‘இரட்சகர்’ என்று பழகிய பிள்ளை மேடையில் ‘மீட்பர்’ என்று சொல்லத் தடுமாறும். பள்ளி கொடுத்த தாளையே வாசியுங்கள். நாடக வசனத்துக்கும் இந்த வழி சரிப்படாது. அதற்கு, உடன் நடிக்கும் பிள்ளைகளோடு ஒத்திகைதான் வேண்டும்.