வைரஸ் வந்த நாள் வேறு, நாம் பார்த்த நாள் வேறு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் டீ ஃபேக்டரி, பள்ளி, ஆடிட்டர் ஆபீஸ் என்று சிஸ்டம் பராமரிப்பு பார்க்கும் எங்களிடம் வருடா வருடம் புதுப் பையன்கள் வேலைக்குச் சேர்கிறார்கள். வைரஸை எடுக்கச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது, எந்த வழியில், எப்போது, அடுத்து எங்கே போகும் என்று குறித்துவைக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அதே குழிகளில் விழுவதைப் பார்த்துச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். தெரியாத மெயிலைத் திறக்காதே, ஆன்டிவைரஸ் போடு என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது தெரியாதவர்கள் இதைப் படிக்கப் போவதும் இல்லை.

## அலர்ட்டை எண்ணுவது

ஒரே பென் டிரைவைப் பத்துத் தடவை செருகினால் பத்து அலர்ட் வரும். சுத்தம் செய்யத் தெரியாமல் ஆன்டிவைரஸ் திணறினால் ஒரே ஃபைலுக்கு நூறு வரும். “இந்த மாதம் வைரஸ் மூன்று மடங்கு” என்று ஒரு ரிப்போர்ட் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு பள்ளியின் லேப்பில் ஒரே ஒரு சிஸ்டம். அலர்ட்டை விட்டுவிட்டு சிஸ்டத்தை எண்ணுங்கள்.

பெரிய ஆட்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் என்ற வைரஸைக் கண்காணித்தவர்கள், அது தொடர்புகொள்ளும் டொமைன் பெயர்களைத் தாங்களே பிடித்துவைத்துக்கொண்டு, அங்கே வந்து தட்டிய ஐபி முகவரிகளை (நெட்டில் ஒரு இணைப்புக்குத் தரப்படும் எண்) எண்ணினார்கள். ஒரு ஐபிக்குப் பின்னால் ஒரு ஆபீஸே ஒளிந்திருக்கலாம். மோடத்தை அணைத்துப் போட்டால் ஒரே வீடு இரண்டு ஐபியாகவும் தெரியலாம். ஐபி எண்ணிக்கையை அப்படியே சிஸ்டம் எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது என்று அவர்களே சொன்னார்கள். செய்திகளில் அந்த எச்சரிக்கை மட்டும் காணாமல் போனது.

## பார்த்த நாளை வந்த நாளாக எழுதுவது

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

லாக்கில், அதாவது சிஸ்டம் தானாக எழுதிவைக்கும் பதிவில், இருப்பது ஆன்டிவைரஸின் கண்ணில் பட்ட தேதி. வைரஸ் அதற்கு எவ்வளவோ முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாம். குன்னூர் ஏலத்தில் தூள் விற்ற நாளைக் காட்டி, அன்றைக்குத்தான் ஃபேக்டரியில் அரைத்தார்கள் என்று யாராவது சொல்வார்களா? வைரஸ் விஷயத்தில் மட்டும் டிப்ளமா முடித்த பையன்களே சொல்கிறார்கள்.

நம் மலையில் இந்தத் தவறு கூடுதலாகக் கடிக்கும். காரணம் மழை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆகஸ்ட் வரை விடாது. கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பெரிய மழை, அக்டோபரும் நவம்பரும். மரம் விழும், மண் சரியும், ஃபைபர் அறுந்துபோகும். நெட் இல்லாத நாட்களில் ஆன்டிவைரஸுக்கு அப்டேட் இறங்காது; புதிதாக ஒன்று வந்திருந்தாலும் அதற்கு அடையாளம் தெரியாது. நெட் திரும்பியதும் அப்டேட் இறங்கும், எல்லா சிஸ்டமும் ஒரே நேரத்தில் கத்தும். இதை கிராஃப் போட்டால் கூடலூருக்கு ஆகஸ்டில் ஒரு கோபுரம், கோத்தகிரிக்கு நவம்பரில் ஒரு கோபுரம். ஒருத்தன் இதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்த வைரஸுக்கு சீசன் இருக்கு” என்றான். “சீசன் கேபிளுக்குத் தம்பி” என்றேன்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கூடலூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி. மழையில் போன நெட் ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. கொஞ்ச நேரத்தில் நான்கு சிஸ்டத்திலும் அலர்ட். போன பையன் விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து 1116 என்ற எண் போட்ட வரிகளை மட்டும் எடுத்தான். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் எதையாவது கண்டுபிடித்தால் எழுதும் எண் அது. எல்லாம் அன்று காலைத் தேதி. சரி, அன்று காலை என்ன வந்தது என்று மெயிலைத் துழாவினான். தூள் அடைக்கும் சாக்கு சப்ளை செய்பவர் ஒரு கொட்டேஷன் அனுப்பியிருந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது. ‘மெயில் வழியாக வந்த வைரஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். மேனேஜர் சாக்குக்காரரை போனில் பிடித்துச் சத்தம் போட்டார். மெயில் பாஸ்வேர்டையெல்லாம் மாற்றினார்கள். அந்தக் கொட்டேஷன் ஃபைலில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதில் ஒன்றுமே இல்லை.

1116 வரிகளுக்கு நேர் கீழே, அதாவது அவற்றுக்குச் சற்று முன்பு, 2000 என்று ஒரு வரி இருந்தது. சிக்னேச்சர், அதாவது வைரஸ்களின் அடையாளப் பட்டியல், அப்டேட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும்.

வைரஸ் வந்தது பென் டிரைவில். ஊரில் ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்று சொல்வோமே, அந்த வகை. பென் டிரைவில் இருக்கும் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். ஐகானின் இடது மூலையில் அடியில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். வெளியே தெரியும் வித்தியாசம் அதுதான். டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட்டும், அதாவது வைரஸின் குட்டி நிரலும், ஓடும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தப் பென் டிரைவில் இருந்தது தமிழ் ஃபான்ட் ஃபோல்டர். பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நோட்டீஸ் பிரிண்ட் எடுக்கப் போனபோது ஒட்டிக்கொண்டது, மழைக்கு முன்பே.

இதை எப்படிப் பிடித்தோம் என்பதுதான் புதியவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்ற ஃபோல்டரில் செட்டப்ஏபிஐ.டெவ்.லாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். ஒரு பென் டிரைவை அந்த சிஸ்டத்தில் முதன்முதலாகச் செருகிய தேதியும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் யுஎஸ்பிஸ்டோர் என்ற இடத்தில் பென் டிரைவின் சீரியல் எண் இருக்கும். நான்கு சிஸ்டத்திலும் ஒரே சீரியல் எண். தேதி வரிசையில் அடுக்கினால் எது முதல், எது அடுத்து என்று வழி தானே தெரிகிறது. அப்புறம் ஸ்கிரிப்ட் ஃபைலின் கிரியேட்டட், மாடிஃபைடு தேதிகள். விண்டோஸில் ஒரு ஃபைலை காப்பி செய்தால் மாடிஃபைடு தேதி பழையதாகவே வரும், கிரியேட்டட் தேதி காப்பி செய்த நேரமாக மாறும். உருவாவதற்கு முன்பே திருத்தப்பட்டதுபோல் ஒரு ஃபைல் தெரிந்தால், அது எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. இந்தத் தேதிகளையே பொய்யாக மாற்றும் வைரஸும் உண்டு. அதனால் இதை மட்டும் நம்பாமல் பென் டிரைவ் பதிவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். 2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், தான் தொற்றிய சிஸ்டங்களின் விவரத்தைத் தனக்குள்ளேயே எழுதிக்கொண்டு போனது. அதை வைத்துத்தான் ஆன்டிவைரஸ் நிறுவனமான சைமான்டெக்கின் ஆய்வாளர்கள் ஈரானில் 5 அமைப்புகள் வரை பின்னோக்கிப் போக முடிந்தது. நமக்கு வருகிற வைரஸ் அவ்வளவு தாராளமாக இருக்காது.

இதிலும் ஒரு முள். இலை எடை போடும் இடத்து சிஸ்டத்தில் மட்டும் தேதி 2015 என்று இருந்தது. கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி செத்துப்போன சிஸ்டம். கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் ஓடிவிடும்; நெட் இருந்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும். நெட்டே இல்லாத வாரத்தில் யார் சரிசெய்வது? வரிசையே தலைகீழாகத் தெரிந்தது. எல்லா சிஸ்டத்தின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள், லாக்கை 180 நாள் வைத்திருங்கள் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவு போட்டபோது முணுமுணுத்தவர்கள் இந்த மாதிரி ஒரு சிஸ்டத்தோடு ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் இதையெல்லாம் அவிழ்ப்பதற்குள் அந்தப் பென் டிரைவ் டேலி கணக்கு சாஃப்ட்வேரின் பேக்கப்போடு குன்னூரில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்விட்டது. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும் என்பதால் அந்த வாரம் எல்லா ஃபேக்டரியின் பென் டிரைவும் அங்கேதான் வந்து போகும். மெயில்தான் வழி என்று எழுதிக் கொடுத்திருந்ததால் பென் டிரைவை யாரும் தடுக்கவில்லை. மஞ்சூர் வரை போனது. ரிட்டர்ன் தாமதமானவர்களுக்கு நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ. அதை விடுங்கள், சின்னக் காசு. கணக்கு சிஸ்டங்களை மூடிவைத்ததும், சாக்குக்காரர் கோபித்துக்கொண்டு அந்த ஃபேக்டரிக்குக் கடனில் சரக்குத் தருவதை நிறுத்தியதும்தான் பெரிய அடி. ஒரு தேதியைத் தப்பாகப் படித்ததற்கு.

அதனால் எங்கள் எக்செல் ஷீட்டில் தேதிக்கு மூன்று பத்தி: பார்த்த நாள், அதற்கு முன் கடைசியாக அப்டேட் ஆன நாள், கிடைத்த தடயங்களிலேயே மிகப் பழைய நாள். மூன்றாவது தெரியாவிட்டால் காலியாக விட வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. நெட் இல்லாத நாட்களுக்கு 0 போடுவதும் கூடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வாரத்துக்கு ‘வைரஸ்: 0’ என்று எழுதினால் அதற்கு என்ன பொருள்?

## உடனே ஃபார்மட் போடுவது

வைரஸோடு சேர்த்து லாக்கும் போய்விடும். முதலில் லாக்கை காப்பி எடுங்கள்.

## மூன்று பெயரை மூன்று வைரஸாக எழுதுவது

கான்ஃபிக்கர், டவுனடப், கிடோ மூன்றும் ஒன்றேதான்.

## சத்தம் போடாத சிஸ்டத்தை ஆரோக்கியமானது என்று நினைப்பது

ஆன்டிவைரஸை அணைத்துவைத்த சிஸ்டம் அலர்ட்டே தராது. டிஃபென்டரில் 5001 என்ற எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரியல் டைம் பாதுகாப்பு அணைக்கப்பட்டது என்று அர்த்தம். கிராக் போட்ட சாஃப்ட்வேருக்காக யாரோ அணைத்திருப்பார்கள். வைரஸே அணைத்திருக்கவும் கூடும்.

## தாலுகாவுக்குக் கலர் அடிப்பது

நீலகிரி மேப்பை எடுத்து, குன்னூருக்குச் சிவப்பு, கோத்தகிரிக்கு மஞ்சள் என்று கலர் போட்டு மேனேஜரிடம் காட்டுவதில் பையன்களுக்கு அவ்வளவு ஆசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வைரஸ் ரோட்டு வழியாகப் போவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஃபேக்டரிகளுக்கு நடுவே ஒரு தொடர்பும் இருக்காது. மஞ்சூரும் குன்னூரும் ஒரே ஆடிட்டரால் இணைந்திருக்கும். மாணவர்கள் அப்ளிகேஷன் போடும் மாதங்களில் ஜெராக்ஸ் கடையும், 20ஆம் தேதியை ஒட்டி ஆடிட்டர் ஆபீசும், மே மாத சீசனில் காட்டேஜ் ரிசப்ஷனில் “ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க” என்று வந்து நிற்பவரின் பென் டிரைவும்தான் முடிச்சுகள். வரைவதானால் யாருடைய பென் டிரைவ் யாரிடம் போகிறது என்று கோடு போடுங்கள். எந்தப் புள்ளியில் கோடுகள் குவிகின்றனவோ அங்கே ஒரு ஸ்கேனிங் சிஸ்டம் வைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த சிஸ்டத்தை எந்த நெட்வொர்க்கிலும் சேர்க்காமல், அப்டேட்டை மட்டும் வேறு சிஸ்டத்தில் இறக்கி தினமும் தவறாமல் கொடுத்து வையுங்கள்.

## பெயரைப் பின்தொடர்ந்து வழியை விடுவது

பென் டிரைவைச் செருகியதுமே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-இல் அடைத்தது; 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட்டாக அனுப்பியது. அதன்பின் ஆட்டோரனை நம்பிய வைரஸ்கள் குறைந்தன. பட்டியலில் பெயர் குறைந்ததைப் பார்த்து, பென் டிரைவ் ஆபத்து தீர்ந்தது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பென் டிரைவ் அங்கேயேதான் இருந்தது. தானாக ஓட முடியாததால், நம் விரலையே கிளிக் செய்யவைக்கும் ஷார்ட்கட் வந்தது.

ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸுக்கு வருவோம். அது உள்ளே நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14-இல் வந்துவிட்டது. தாக்கியது மே 12, வெள்ளிக்கிழமை. இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வைரஸ் ஓடத் தொடங்கியதும் ஒரு குறிப்பிட்ட டொமைன் பெயரைத் தொடர்புகொள்ளப் பார்க்கும். பதில் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடும், கிடைக்காவிட்டால் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, ஆபீசுக்குள் சிஸ்டங்களை இணைக்கும் லேனில் அடுத்த சிஸ்டத்தைத் தேடும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பெயரைப் பதிவு செய்ததால்தான் வேகம் அடங்கியது. அந்த டொமைனை வந்து தட்டிய எண்ணிக்கையை ஃபைல் பூட்டப்பட்ட எண்ணிக்கையாகப் படித்தால் தப்பு; தட்டிப் பதில் வாங்கியவற்றில் பூட்டுவது நடக்கவே இல்லை. அதே கணக்கில், பயந்துபோய் மோடத்தை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே லேன் சுவிட்சை ஓடவிட்ட ஆபீஸ்களில் வைரஸ் நின்றிருக்க வேண்டிய ஒரே காரணமும் போய்விடும். பிடுங்குவதானால் சுவிட்சிலிருந்து ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் போகும் கேபிளைப் பிடுங்குங்கள். பிடுங்கிய நேரத்தையும் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.