ஃபார்மட் அடிக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

பழைய கம்ப்யூட்டர் எந்தத் தகராறு செய்தாலும் "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பதுதான் பல இடங்களில் முதல் பேச்சு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பத்து வயதைத் தாண்டிய மெஷினில் விண்டோஸ் கோளாறு போலத் தெரியும் பலவும் உண்மையில் பேட்டரி, ரேம், கேபிள், தூசி. ஃபார்மட் அடித்தால் போட்டோக்கள் போகும், கோளாறு அங்கேயே இருக்கும்.

தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டு மெஷினைப் பார்த்துக்கொள்வது நான்தான். கோர் 2 டுவோ பிராசசர், டிடிஆர்2 ரேம், விண்டோஸ் 7. அதில் நான் கடைப்பிடிக்கும் வரிசை இது.

மெஷின் ஆன் ஆகிறது என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது மிச்சமிருப்பதையும் கெடுக்கும்.

ஆன் ஆகவே இல்லையா? பிளக், யுபிஎஸ், பவர் கேபிள் சரியா என்று பாருங்கள். அதன் பிறகு எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை அதிலிருந்து வரும் கருப்பு வயரில் வைத்து, மறு முனையால் மற்ற வயர்களை அளக்கலாம்: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். மதர்போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர் தெரிந்தால், அதை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, பீப் சத்தம் மட்டும் என்றால் என் சந்தேகம் ரேம் மேல்தான். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டு அதன் பித்தளை நிறக் கால்கள் மங்கிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது சீமாஸ் பேட்டரி, அதாவது மெஷின் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி. "எந்த வெப்சைட்டும் திறக்கல, வைரஸ் வந்துடுச்சு போல" என்று பெரியப்பா போன் செய்தார். போய்ப் பார்த்தால், இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்கிறது பிரவுசர். மூலையில் கடிகாரம் 2009 என்கிறது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்றுதான் செல்லும். கடிகாரம் பின்னால் போய்விட்டால் பிரவுசர் எதையும் நம்பாது. தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. மறுநாள் காலையில் பழையபடி 2009. தினமும் ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தச் சொல்லும் ஒரு செய்தி வந்துகொண்டிருந்திருக்கிறது. பெரியப்பாவும் வழக்கம் போல அழுத்தி வந்திருக்கிறார். போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றியதோடு தீர்ந்தது. கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த பேட்டரி செத்தால் தேதி மட்டுமல்ல, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி மெஷினைக் கிளப்பும் சின்ன புரோகிராம்) அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போகும். சில போர்டுகளில், டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்று மாறிவிடும். உடனே விண்டோஸ் ஏறாமல் நீலத்திரை வரும், 0x0000007B என்ற எண்ணோடு. பயாஸில் மோடைப் பழையபடி மாற்றினால் விண்டோஸ் அப்படியே எழுந்து வரும். அதனால் மெஷின் நன்றாக ஓடும்போதே பயாஸ் திரைகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிது நேரம் ஓடிவிட்டுப் பட்டென்று அணைந்தால் சூடு. பிராசசர் மேல் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்க்கின் தூசியைப் பிரஷால் எடுங்கள், இரண்டுக்கும் நடுவே காய்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகக் கொஞ்சம் வையுங்கள். இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் சூடு குறையாது.

ஆமை வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமில் சி5 என்ற வரி (படிக்கத் திணறும் பகுதிகளின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லாவிட்டால் முதலில் காப்பி எடுங்கள், விண்டோஸின் செக்டிஸ்க் சோதனை எல்லாம் அப்புறம். சி7 (டேட்டா போய் வரும் வழியில் நேரும் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கே போய்விட்டது என்றால் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். பழைய சாட்டா 2 போர்டிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை இருந்தால், விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஹேங் ஆனால் கோளாறு வன்பொருளில். அங்கே ஒழுங்காக ஓடினால் விண்டோஸையோ அது இருக்கும் டிஸ்க்கையோ சந்தேகப்படலாம். டிஸ்க்கும் சரியாக இருந்தால் ஃபார்மட்டுக்கு நானும் தடை சொல்ல மாட்டேன்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கான குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பாட்டு, பழைய போட்டோ, கடிதம் டைப் செய்வது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். பேங்க் வேலையை மட்டும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.